'நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்' என்கிறது எச்.ஆர்.

பெங்களூரு ஓசூர் சாலையில், பொம்மனஹள்ளிக்கு அருகே வசிக்கும் 39 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கி, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். எம்.சி.ஏ. முடித்து 15 வருடமாக மென்பொருள் டெஸ்டிங் வேலை. முதல் கம்பெனியில் 5 வருடம் 8 மாதம், இப்போதைய கம்பெனியில் 9 வருடம் 4 மாதம். டெஸ்ட் லீட் பதவி. சி.டி.சி. (கம்பெனி ஆண்டுக்குத் தரும் மொத்தச் சம்பளக் கணக்கு) 24 லட்சம், அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் 80,000. கணவருக்குச் சிறிய அச்சகம். சராசரியாக மாதம் 35,000 வீட்டுக்கு வரும். வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 46,000 உட்பட மாதச் செலவு 1,05,000. இரண்டு பிள்ளைகள். சர்க்கரை நோயுள்ள மாமியாரின் மருத்துவம் கம்பெனி இன்ஷூரன்ஸில்தான் ஓடுகிறது.

புது மேனேஜர் வந்து ஆறு மாதத்தில் 60 நாள் பி.ஐ.பி. கடிதம், அதாவது அதற்குள் வேலைத்திறனை உயர்த்திக் காட்ட வேண்டும் என்ற கெடு, கொடுத்துவிட்டார்கள். நான்காவது நாளே எச்.ஆரிடமிருந்து போன். "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், உடனே ரிலீவ் செய்து இரண்டு மாதச் சம்பளமும் நல்ல ரிலீவிங் லெட்டரும் தருகிறோம். இல்லையென்றால் டெர்மினேஷன்தான், அது காலத்துக்கும் உங்கள் ரெக்கார்டில் நிற்கும்." வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்கிறார் வாசகி. அவர் கேட்பது மூன்று. கையெழுத்துப் போடலாமா? 15 வருடம் டெஸ்ட் கேஸ் (மென்பொருளை எப்படிச் சோதிப்பது என்ற குறிப்பு) எழுதியே வீணாகிவிட்டதா? 3.2 லட்சத்துக்கு ஒரு டேட்டா சயின்ஸ் வகுப்பு, இ.எம்.ஐ.யில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா?

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது பி.ஐ.பி. அல்ல. நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் மேனேஜர் உங்களைப் பற்றி என்ன சொன்னார் என்பதற்கே போயிருக்கிறது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கு ஒரே ஒரு வரி. மேனேஜர் போடும் மதிப்பெண்ணில் அந்த வருடத்து பட்ஜெட் உண்டு, இத்தனை பேரைக் கீழே தள்ளியாக வேண்டும் என்ற கட்டாயம் உண்டு, அவருடைய ஆட்களைக் கொண்டுவரும் ஆசையும் உண்டு. அந்த மதிப்பெண்ணை உங்கள் வேலையின் எடையாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அந்த எடையை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால், கையெழுத்து விஷயம் அவசரம் என்பதால் அதைப் பார்த்துவிடுவோம்.

கையெழுத்து: இன்று வேண்டாம்

உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் இரு தரப்புக்கும் 90 நாள் நோட்டீஸ் என்று இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவர்கள் பெரிய மனதோடு தருவதாகச் சொல்லும் இரண்டு மாதச் சம்பளம், ஒப்பந்தப்படி தர வேண்டியதைவிட ஒரு மாதம் குறைவு. அது பேசிக்கா, மொத்தச் சம்பளமா என்றும் சொல்லவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இன்றே விலகினால் உங்கள் பணிக்காலம் 9 வருடம் 4 மாதம். கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்கில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம்தான் ஒரு முழு வருடமாகும். நான்கு மாதம் விழுந்துவிடும். கடைசிப் பேசிக்கை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 46,154 ரூபாய். 9 வருடத்துக்கு 4,15,385. அதே ராஜினாமாவை 90 நாள் நோட்டீஸோடு கொடுத்தால் 9 வருடம் 7 மாதம் ஆகிவிடும், 10 வருடமாகக் கணக்கிட வேண்டும்: 4,61,538. 'உடனே ரிலீவ்' என்ற வார்த்தைக்குள் இந்த 46,000 ஒளிந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஊதியத்துக்கான விளக்கமும் மாறியிருக்கிறது. பேசிக்கும் பஞ்சப்படியும் மொத்தத்தில் பாதிக்குக் குறைந்தால், குறையும் பகுதியையும் ஊதியமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் பேசிக் சி.டி.சி.யில் 40 சதவீதம்தான். எதை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுகிறீர்கள் என்று மெயிலில் கேளுங்கள்.

ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி போய்விடும் என்று பயந்திருக்கிறீர்கள். போகாது. ஐந்து வருடத் தொடர் பணி முடிந்தவருக்கு ராஜினாமாவிலும் அது உண்டு. வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம், கம்பெனிக்கு நஷ்டம் வரும்படி வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ செய்த செயல் என்ற காரணங்களுக்காக வேலையைவிட்டு நீக்கினால்தான் பிடிக்க முடியும். வேலைத்திறன் போதவில்லை என்பது அந்தப் பட்டியலில் கிடையாது.

'ரெக்கார்டில் நிற்கும்' என்ற பயமுறுத்தலும் பாதிதான் உண்மை. ரிலீவிங் லெட்டரில் பி.ஐ.பி. என்று எழுதும் வழக்கம் இல்லை. பி.எஃப். இணையதளத்தில் விலகிய காரணத்துக்கு உள்ள தெரிவுகளிலும் அப்படி ஒன்று கிடையாது. ஆனால் பின்னணிச் சரிபார்ப்பு செய்யும் ஏஜென்சிகள் தேதி, பதவியோடு விலகிய காரணத்தையும், 'மறுபடி எடுப்பீர்களா' என்பதையும் கேட்பதுண்டு. எச்.ஆரிடம் பேசிப் பெற வேண்டிய இடம் அதுதான்.

ராஜினாமாவுக்கும் ஒரு விலை உண்டு. மனமுவந்து விலகினேன் என்று எழுதிக் கொடுத்தவர், பிறகு 'என்னை நீக்கினார்கள்' என்று தொழிலாளர் துறைக்குப் போவது மிகக் கடினம். நீங்கள் சட்டப்படி 'தொழிலாளி'யா என்பதைத் தீர்மானிப்பது விசிட்டிங் கார்டில் உள்ள பதவி அல்ல, தினமும் செய்யும் வேலை. பெரும்பகுதி நேரம் நீங்களே டெஸ்டிங் செய்கிறீர்கள் என்றால் வாதிட இடமுண்டு. லீவு அனுமதிப்பதும் அப்ரைசல் எழுதுவதுமே முக்கிய வேலை என்றால் அந்த வாதம் பலவீனமாகும். இதை மட்டும் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் ஆவணங்களோடு ஒரு மணி நேரம் கேட்டுவிடுங்கள். தொழிலாளர் துறை அலுவலகம் பன்னேர்கட்டா சாலை கார்மிக பவனில் இருக்கிறது. ஐ.டி. ஊழியர்களுக்கென்று பதிவான கே.ஐ.டி.யு. சங்கமும் இந்த ஊரில் உண்டு. இரண்டுக்கும் போயே ஆக வேண்டும் என்பதில்லை. போகத் தெரியும் என்ற தெம்போடு பேசினாலே பேச்சின் தோரணை மாறும்.

இப்போது செய்ய வேண்டியவை:

1. எச்.ஆர். மறுபடி கூப்பிட்டால், "மெயிலில் அனுப்புங்கள், படித்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் பதில் தருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். மெயில் வராவிட்டால், போனில் பேசியதை நான்கு வரியில் நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். கோபம் வேண்டாம், தேதியும் தொகையும் போதும்.

2. பி.ஐ.பி. கடிதத்தில் 'ஓனர்ஷிப் மனப்பான்மை' (வேலையைத் தனதாக எண்ணிப் பொறுப்பேற்பது) வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மனப்பான்மையை அளக்க முடியாது. எந்த வேலை, எந்தத் தேதிக்குள், யார் அளப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாராந்திரக் கூட்டத்தில் பேசியதை அன்று மாலையே மெயிலில் பதிவு செய்யுங்கள்.

3. சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, உங்கள் பெயருக்கு வந்த அப்ரைசல் கடிதங்கள், இன்க்ரிமென்ட் கடிதங்கள் ஆகியவற்றை எச்.ஆர். போர்ட்டலிலிருந்து இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள். கடைசி நாளில் லாகின் எப்போது அணையும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிளையன்ட் ஆவணத்தையும் டெஸ்ட் கேஸ் ஷீட்டையும் மட்டும் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதைப் பிடிக்கக் கண்காணிப்பு மென்பொருள் வைத்திருக்கிறார்கள்; திறமைக் குறைவு விவகாரம் ஒரே இரவில் ஒழுங்கு நடவடிக்கையாகிவிடும்.

4. விலகுவதென்று முடிவெடுத்தால், கேட்க வேண்டியவை: கிராஜுவிட்டிக்கான ஆறு மாதக் கோட்டைத் தாண்டிய கடைசி வேலைநாள், மொத்தச் சம்பளத்தில் 90 நாளும் அதற்கு மேல் ஒரு தொகையும், முடிந்த காலத்துக்கான வேரியபிள் பே (செயல்திறனைப் பொறுத்து மாறும் சம்பளப் பகுதி), சரிபார்ப்புக்குச் சொல்லப்போகும் வாசகம். எல்லாம் மெயிலில் வந்த பிறகே போர்ட்டலில் ராஜினாமா பொத்தானை அழுத்த வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்ட ராஜினாமாவைத் திரும்பப் பெறுவது உங்கள் கையில் இருக்காது.

ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். பி.ஐ.பி. தந்த நான்காம் நாளே ராஜினாமா கேட்டவர்கள், 60 நாளில் நீங்கள் தேறுவதை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. அந்த நாட்களை, சம்பளத்தோடு வேலை தேடும் காலமாகவே எண்ணுங்கள். அதற்காக வேலையில் மெத்தனமும் காட்டாதீர்கள். சொல்லாமல் எடுக்கும் ஒரு லீவு போதும் அவர்களுக்கு.

15 வருடத்தை எடை போடுவது

ஒரு நீள நோட்டு எடுங்கள். ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் ஒரு பக்கம். அதில் ஐந்து கேள்விக்கு மட்டும் பதில்: அந்த மென்பொருள் யாருக்காக, எதற்காக ஓடியது? நான் வந்தபோது எது சரியில்லை? நான் குறிப்பாக என்ன செய்தேன்? எந்த எண் மாறியது? அதை நேரில் பார்த்தவர் யார், இப்போது எங்கே இருக்கிறார்? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வயதில் வேலை ரெஃபரலில்தான் வரும். ரெஃபரல் தருபவர், உங்களோடு ராத்திரி ரிலீஸில் உட்கார்ந்திருந்தவராக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்திலிருந்த அந்த ஒரே வரி இது: 'வெளிநாட்டுப் பேமென்ட் மெசேஜ் மாறும் ப்ராஜெக்டில் 1,400 டெஸ்ட் கேஸைக் குறைத்து 620 ஆக்கினேன், ரெக்ரெஷன் (மாற்றத்துக்குப் பிறகு பழையவற்றையும் மறுபடி சோதிப்பது) 9 நாளிலிருந்து 4 நாளானது, ஆனால் எல்லாரும் செய்கிற வேலைதானே.' எல்லாரும் செய்கிற வேலை இல்லை அம்மா அது. வங்கிகள் தமக்குள் பேமென்ட் செய்தி அனுப்பும் வலையமைப்பான ஸ்விஃப்ட்டின் பழைய எம்.டி. செய்திகளிலிருந்து ஐ.எஸ்.ஓ. 20022 வடிவத்துக்கு மாறும் வேலை உலகம் முழுதும் வங்கிகளில் நடந்தது. பழையதும் புதியதும் சேர்ந்து ஓட 2023 மார்ச்சில் தொடங்கிய இரட்டை நடைமுறை 2025 நவம்பரில் முடிந்தது. முகவரியைக் கட்டமைப்பில்லாமல் எழுதும் வழக்கத்துக்கும் 2026 நவம்பர் கெடு இருக்கிறது. பழைய எம்.டி. 103 செய்தியில் இருந்த ஒரு புலம் அதன் புதிய வடிவமான பேக்ஸ் 008இல் எங்கே போகிறது, எங்கே வெட்டுப்படுகிறது என்று தெரிந்தவர் எந்த வங்கியின் பெங்களூரு மையத்துக்கும் தேவைப்படுவார். ரெஸ்யூமேயில் நீங்கள் போட்டிருப்பது என்ன? 'டெஸ்ட் கேஸ் எழுதினேன், குழுவை வழிநடத்தினேன்.' இந்த வரியை லட்சம் பேர் போட்டிருக்கிறார்கள். அந்த 1,400, 620, 9, 4 ஆகிய நான்கு எண்களையும் பேமென்ட் வகையையும் முதல் பக்கத்தின் மேல் பாதிக்குக் கொண்டுவாருங்கள். கிளையன்ட் பெயர் வேண்டாம். 'ஐரோப்பிய வங்கி ஒன்று' என்றால் போதும்.

நோட்டு நிரம்பியதும் எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள். எங்கே போனாலும் கூட வருபவை: பேமென்ட் அறிவு, எதைச் சோதிக்கத் தேவையில்லை என்று முடிவெடுக்கும் திறன், கிளையன்டிடம் 'ரிலீஸ் போகக் கூடாது' என்று சொல்லும் தைரியம். இந்தக் கம்பெனிக்குள் மட்டும் செல்லுபடியாகுபவை: கம்பெனிக்குள்ளேயே செய்த டூல், யாரைக் கூப்பிட்டால் டெஸ்டிங் சர்வர் எழும்பும் என்ற ஞானம். ஒன்பது வருடம் ஒரே இடத்தில் இருந்தவருக்கு இந்தக் குவியல் பெரிதாக இருக்கும். இதைத்தான் பலர் அனுபவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது, விலை இறங்கிக்கொண்டிருப்பவை: எழுதி வைத்ததைக் கையால் ஓட்டிப் பார்க்கும் மேனுவல் ரெக்ரெஷன். இதை மட்டும் நம்பி 24 லட்சம் கேட்க முடியாது. கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

'35க்கு மேல் யாரும் எடுக்க மாட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது குவியலை மட்டும் காட்டினால் எடுக்க மாட்டார்கள்தான். முதல் குவியலோடு போனால் கேள்வியே வேறாக இருக்கும்.

அடுத்தது சந்தையில் சோதிப்பது. ஆறு வாரத்தில் ஐந்து இன்டர்வியூவாவது போய்ப் பாருங்கள், அந்த வேலை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். தோல்வி எங்கே நிகழ்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 இடத்துக்கு அனுப்பியும் அழைப்பே இல்லையா? கோளாறு ரெஸ்யூமேயில், அல்லது 90 நாள் நோட்டீஸில். முதல் சுற்றோடு நிற்கிறதா? தொழில்நுட்பத்தில் ஓட்டை; அன்று பதில் சொல்ல முடியாத கேள்விகளை அன்றே எழுதி வையுங்கள், அதுதான் உங்கள் பாடத்திட்டம். கடைசிச் சுற்றுக்குப் பிறகு மௌனமா? பெரும்பாலும் சம்பளம். கடைசி வேலைநாள் உறுதியானதும் நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் அந்தத் தேதியைப் போடுங்கள். நோட்டீஸில் இருப்பவருக்கு அழைப்பு கூடுதலாக வரும்.

பழைய கம்பெனியை ரெஸ்யூமேயில் நீட்டுவது, போலி அனுபவச் சான்று வாங்குவது பக்கமே போகாதீர்கள். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணின் பணி வரலாற்றில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கின்றன. சரிபார்ப்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

3.2 லட்சம் ரூபாய் வகுப்பு

வேண்டாம். டேட்டா சயின்ஸில் நீங்கள் 24 வயதுக்காரரோடு அதே வரிசையில், அவரைவிட மூன்று மடங்கு சம்பளம் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். வகுப்பு இ.எம்.ஐ. என்பது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். பாதியில் நின்றாலும் தவணை நிற்காது, சிபில் மதிப்பெண் அடி வாங்கும். 'வேலைக்கு உதவி' என்பதும் 'வேலை நிச்சயம்' என்பதும் வேறு வேறு. நிச்சயம் என்றால் என்ன சம்பளத்துக்கு, எத்தனை நிராகரிப்புக்குப் பிறகு பணம் திரும்பும் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்குத் தேவையானதை வாரம் 8 முதல் 10 மணி நேரம் என்று வைத்து 12 வாரத்தில் படிக்கலாம். முதல் மூன்று வாரம் போஸ்ட்மேன் என்ற டூலில் ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) டெஸ்டிங். அடுத்த இரண்டு வாரம் தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் எஸ்.கியூ.எல்.; இரண்டு டேபிளை ஜாயின் செய்து, அனுப்பிய பேமென்டும் வரவு வைத்த பேமென்டும் ஒத்துப்போகாத இடத்தைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு. மிச்சம் ஏழு வாரம் டெஸ்டிங்கைத் தானாக ஓட்டும் டூல்களான செலீனியம் அல்லது ப்ளேரைட், ஏதாவது ஒன்று மட்டும். பொதுவில் கிடைக்கும் ஒரு டெமோ தளத்துக்கு 25, 30 ஸ்கிரிப்ட் எழுதி, நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் போடுங்கள். ஏ.ஐ. டூலை வைத்து டெஸ்ட் கேஸ் உருவாக்குவதைக் கூடவே பழகுங்கள். அது எதைத் தவறவிடுகிறது என்று சொல்லத் தெரிவதற்குத்தான் உங்கள் 15 வருடம் உதவும். அடிப்படைக் கோட்பாடு வேண்டுமென்றால் என்.பி.டெல் இணையப் பாடத் தளத்தில் ஐ.ஐ.ஐ.டி. பெங்களூரு பேராசிரியர் நடத்தும் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பாடம் இலவசம். ஆசிரியர் வேலைக்குப் போகலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இப்போது அது தப்பிக்கும் வழி, ஒரு வருடம் கழித்துக் கேளுங்கள்.

வீட்டுக் கணக்கு

மாதம் 1,05,000இல் கணவர் வருமானம் போக 70,000 தேவை. கிராஜுவிட்டி 4.61 லட்சம், மிச்சமிருப்பதாகச் சொன்ன 32 நாள் லீவுக்கு, பேசிக்கை 30ஆல் வகுத்தால் சுமார் 85,000. இந்த இரண்டு மட்டுமே ஏழு மாதத்துக்கு மேல் தாங்கும். விலகும்போது வரும் லீவுப் பணத்துக்கு, சட்டம் சொல்லும் வரம்புகளுக்குள், 25 லட்சம் வரை வருமான வரி விலக்கும் உண்டு. புதிய சட்டத் தொகுப்பின்படி ஊதிய பாக்கியை இரண்டு வேலைநாளில் தந்துவிட வேண்டும். கிராஜுவிட்டிக்கு 30 நாள்.

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். ஆனால் முதல் கம்பெனி கணக்கை இன்னும் மாற்றவில்லை என்கிறீர்களே, அதை இந்த வாரமே செய்யுங்கள். பென்ஷனுக்குப் பத்து வருடப் பணி வேண்டும். இரண்டையும் சேர்த்தால் உங்களுக்கு 15. பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் மாதம் 1,250 ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

உண்மையில் அவசரம் மாமியாரின் இன்ஷூரன்ஸ். கம்பெனி பாலிசி கடைசி வேலைநாளோடு முடிந்துவிடலாம். அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற, வேலையில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். பழைய நோய்க்கான காத்திருப்புக் காலத்தில், கம்பெனி பாலிசியில் கழிந்த வருடங்களைக் கழித்துக்கொள்வார்கள். இடைவெளி விழுந்த பிறகு புதிதாக எடுத்தால் சர்க்கரை நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க நேரலாம். படிவத்தில் அவருடைய மருந்து விவரம், கடைசி ரத்தப் பரிசோதனை எல்லாம் கேட்பார்கள்.

அதனால்தான் கணவரிடம் சொல்லாமல் இதை நகர்த்த முடியாது. அவருடைய அம்மாவின் பாலிசி, அவரும் கையெழுத்திட்ட வீட்டுக் கடன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்காருங்கள். பி.ஐ.பி. கடிதத்தைக் கடைசியில் காட்டலாம். முதலில் அந்த ஏழு மாதக் கணக்கையும், நோட்டில் பேமென்ட் ப்ராஜெக்ட் எழுதிய பக்கத்தையும் அவர் முன் வையுங்கள்.